நானோராடா, சியர்பின்ஸ்கி முக்கோணமா, கேலி மரமா?

நெல்லை, பாளையங்கோட்டை பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ப்ராஜெக்ட் தலைப்பு தேடும்போது ஃப்ராக்டல் நானோ (ஒரே வடிவம் தனக்குள்ளேயே சின்னதாகத் திரும்பத் திரும்ப வரும் நானோ அமைப்பு) என்றாலே ஒரு மயக்கம். படம் அழகுதான். ஆனால் என்ன வேலைக்கு என்று கேட்காமல் வடிவத்தை எடுத்தால் வைவா அன்று முழிக்க வேண்டியதுதான்.

முதலில் சாதாரண தங்க நானோராட், அதாவது குட்டித் தங்கத் தண்டு. சின்னத் தங்க உருண்டை தண்ணீரில் 520 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும். அதையே தடிமனைப்போல நாலு மடங்கு நீளத்துக்கு நீட்டினால் உறிஞ்சும் உச்சம் 800 பக்கம் போய்விடும். உச்சத்தை நகர்த்தத் திருகுவதற்கு நீளம்-தடிமன் விகிதம் என்ற ஒரே ஒரு அளவு. சென்சாருக்கு இதுதான் என் ஓட்டு. பீக்கரிலேயே வளர்க்கலாம், அதில் போடும் சி.டி.ஏ.பி. (தண்டு வளர உதவும் சோப்பு மாதிரி வேதிப்பொருள்) 25 டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளை ஊசியாகப் படிந்துவிடும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் (நம்ம ஊரில் ஏசி லேபில்தான் இந்த வம்பு, வெளியே வைத்தால் பெரும்பாலும் வராது). ஒரு குறை, ஒளியின் மின்புலம் தண்டின் நீளவாக்கில் அதிர்ந்தால்தான் அந்த 800 உச்சம் கிடைக்கும்.

சியர்பின்ஸ்கி முக்கோணத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. முக்கோணத்தின் நடுவை வெட்டி எடுத்து மூன்று குட்டிகளாக்குவது ஒரு தலைமுறை, குட்டிகளையும் அப்படியே வெட்டினால் அடுத்த தலைமுறை. செங்குத்தாக விழும் ஒளி எந்தத் திசையில் அதிர்ந்தாலும் மும்முனைச் சமச்சீர் ஒரே மாதிரி பதில் சொல்லும். பெரிய முக்கோணம் நீண்ட அலைக்கு, உள்ளே உள்ள குட்டிகள் குறுகிய அலைக்கு என்று பல உச்சங்கள் வரும், அதனால் அகலமான பட்டைக்கு ஏற்றது. சிக்கல் முனைகளில்தான். குட்டி முக்கோணங்கள் புள்ளியில் ஒட்டினால் மின்னோட்டம் கடக்கும், சில நானோமீட்டர் விலகினால் இடைவெளியில் புலம் குவியும், ஸ்பெக்ட்ரமே மாறிவிடும். 1 மைக்ரான் பக்கத்தில் தொடங்கினால் ஐந்தாம் தலைமுறையில் பக்கம் 31 நானோமீட்டர்! தங்கப் படலத்தின் மணிகளே கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும், அப்புறம் கூர்முனை எங்கே வரும்? மூன்றோடு நிறுத்துங்கள்.

கேலி மரம் (Cayley tree) என்பது, தாமிரபரணியில் இருந்து கால்வாய், கால்வாயில் இருந்து மடை என்று பிரிகிற மாதிரி கிளைவிடும். எல்லாம் ஒட்டியே இருப்பதால் தலைமுறை கூடக் கூட அகச்சிவப்புப் பக்கம் புது ரெசனன்ஸ் (ஒளியை வலுவாகப் பிடிக்கும் உச்சம்) சேரும். வெப்பக்கதிர் வேலைக்கு நல்லது, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு நான் எடுக்க மாட்டேன்.

முக்கோணம், மரம் இரண்டையும் செய்து பார்க்க எலக்ட்ரான் பீம் லித்தோகிராஃபி (எலக்ட்ரான் கற்றையால் நானோ வடிவம் வரையும் முறை) வேண்டும், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. மாதிரி இடத்தில் நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறு மாத ப்ராஜெக்டில் அது நடக்காது. ராடை லேபில் வளர்த்து, முக்கோணத்தை ஒளி எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் இலவச மீப் (Meep) மென்பொருளில் ஓட்டி, இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் ஒரே கிராஃபில் போடுங்கள். மீப்பில் மெஷ் (கணக்குப் போடும் கட்டம்) எங்கும் ஒரே அளவுதான், அதனால் முனைகளுக்காக மொத்தத்தையும் நெருக்கிவிட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் வருகிற உச்சம் தங்கத்தினுடையதா கட்டத்தினுடையதா என்றே தெரியாது.