பாமினியிலிருந்து யூனிகோடுக்கு: கை பழகிய வரிசையோடு 20 ஆண்டுகள்

டைப் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் முடித்த கையோடு டிடிபி வேலைக்கு வந்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கோயில் மலர் என்று 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் அடிப்பதுதான் பிழைப்பு. முதலில் பாமினி என்ற எழுத்துரு, இப்போது எழுத்துகளுக்கு உலகப் பொது எண் தரும் யூனிகோடு. யூனிகோடு எவ்வளவோ மேல். ஆனால் மேலானது என்பதற்காக நான் மாறவில்லை.

பாமினியில் கோப்புக்குள் தமிழே கிடையாது. ‘அம்மா’ என்று அடித்தால் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ‘கொ’ கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகக் கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு வரி படிக்க முடியாது.

இதெல்லாம் தெரிந்தும் பல ஆண்டுகள் அதை விடவில்லை. காரணம் கை. யூனிகோடுக்கு வருவதானால் தமிழ்99 பழகு என்றார்கள். 1999இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ‘அம்மா’வுக்குப் புள்ளிகூட வைக்க வேண்டாம், தானே விழும். நன்றாக யோசித்துச் செய்த அமைப்பு. ஒரு வாரம் முயன்றேன். முகூர்த்த மாதத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தால் பத்திரிகை எப்போது அச்சுக்குப் போவது? விட்டுவிட்டேன்.

அப்புறம் தமிழ் அடிக்க என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருள் கிடைத்தது. பாமினி விசை வரிசை, பழைய டைப்ரைட்டர் விசை வரிசை இரண்டும் அதில் இருந்தன. விரல் பழைய இடத்துக்கே போனது, கோப்பில் விழுந்தது சுத்தமான யூனிகோடு. அன்றைக்கே மாறினேன். என்னைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு வாசல் வைத்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பழைய கோப்புகள் பாக்கி இருந்தன. 2004இல் செய்த கோயில் மலரைப் போன ஆண்டு மறுபதிப்புக்குக் கேட்டார்கள். பாமினியை யூனிகோடாக்கும் எழுத்துமாற்றியில் போட்டேன். தமிழ் அழகாக வந்தது. கடைசிப் பக்கத்து இரும்புக்கடை விளம்பரத்தில் மட்டும், எம்எம் என்பது ஆங்கிலத்தில் இருந்த ‘10 எம்எம் கம்பி’, ‘10 அஅ கம்பி’ ஆகியிருந்தது. மாற்றிக்கு எம் என்றால் அ. பழைய மலரைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட இரண்டு நாள் போயிற்று.

2010இல் தமிழக அரசு யூனிகோடோடு, எழுத்துகளுக்கு எண் தரும் இன்னொரு முறையான டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண், தமிழ் இலக்கணத்துக்கு நெருக்கமானது. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதில் அடித்த வரியை வாட்ஸப்பில் அனுப்பினால் வாடிக்கையாளர் போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். மெய்ப்பு பார்க்க வேண்டியவர் அவர்தானே.

புதுக் கணினி வாங்கினால் இன்றும் பாமினியை ஏற்றிவிடுகிறேன். அப்பாவின் கவிதை, சங்கத்தின் விதிமுறை என்று யாராவது பழைய சிடியோடு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். திறக்காது என்று சொல்லித் திருப்பி அனுப்ப மனம் வருவதில்லை.