நிலவுக்கு இரண்டு அழைப்புகள்: ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையும் சீன–ரஷ்ய நிலையத் திட்டமும்

நிலவின் தென் துருவத்தில் வெயில் ஒருபோதும் எட்டாத பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதற்கும், அவற்றையொட்டிய சில மேடுகள் ஆண்டின் பெரும்பகுதி ஒளி பெறுவதற்கும் சான்றுகள் சேர்ந்த பிறகு, அமெரிக்காவும் சீனாவும் அந்தச் சிறு பரப்பையே குறிவைத்து, தத்தம் கூட்டாளிகளைத் திரட்டி வருகின்றன.

2020 அக்டோபர் 13 அன்று எட்டு நாடுகளுடன் தொடங்கி, 2023 ஜூனில் இந்தியாவும் கையெழுத்திட்ட, அமெரிக்கா முன்னெடுக்கும் ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கை, அடிப்படையில் ஒரு நடத்தை நெறித் தொகுப்பு. அறிவியல் தரவுகளைப் பகிர்வது, ஆபத்தில் உதவுவது, கருவிகளை ஒன்றோடொன்று இணையும்படி அமைப்பது ஆகியவற்றை அது வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் அது சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தாது; கையெழுத்திட்டதாலேயே எந்த நாட்டுக்கும் விண்கலத்தில் இடம் உறுதியாவதுமில்லை.

2021 மார்ச்சில் சீனாவும் ரஷ்யாவும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்ட சர்வதேச நிலவு ஆய்வு நிலையம் இதற்கு நேர்மாறானது. அது நெறிகளிலிருந்து அல்ல, வேலைத்திட்டத்திலிருந்து தொடங்குகிறது. முழுப் பயணத்திலோ ஒரேயொரு கருவியிலோ பங்கேற்க இடமளிப்பதால், பெரிய விண்வெளித் துறை இல்லாத நாடுகளுக்கு இது உண்மையான வாய்ப்பு. எனினும், 2023 ஆகஸ்டில் ரஷ்யாவின் லூனா-25 விண்கலம் நிலவில் மோதி நொறுங்கிய பிறகு, திட்டத்தின் பாரம் பெருமளவு சீனாவின் தோளிலேயே இருக்கிறது.

கடினமான கேள்வி 'பாதுகாப்பு மண்டலங்கள்' பற்றியது. ஒருவர் பணி செய்யும் இடத்தைச் சுற்றி மற்றவர்கள் முன்னறிவிப்போடு நடந்துகொள்ள வேண்டிய தற்காலிகப் பரப்பை ஆர்ட்டெமிஸ் அனுமதிக்கிறது. நிலவை எந்த நாடும் உரிமை கொண்டாட முடியாது என்ற 1967 விண்வெளி ஒப்பந்தத்தை இது மறைமுகமாக மீறுகிறது என்பது விமர்சகர்களின் வாதம். மண்டலத்தின் அளவை முதலில் வரையறுப்பவர் அங்கே பணி செய்பவரே என்பதால் அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆயினும் தேவை கற்பனையானதல்ல. 1969-இல் அப்போலோ 12 தரையிறங்கியபோது கிளம்பிய தூசி, ஏறத்தாழ 160 மீட்டர் தொலைவில் ஏற்கெனவே நின்ற ஆளில்லா சர்வேயர் 3 கலத்தின் மேற்பரப்பை உராய்ந்திருந்தது. ஆகவே மௌனத்தைவிட, குறையுள்ள விதியையே நான் ஏற்பேன்.

இவ்விரண்டையும் விட உறுதியான முன்மாதிரி 1998-இல் உருவான சர்வதேச விண்வெளி நிலைய ஒப்பந்தம். ரஷ்யா உட்பட 15 நாடுகளைச் சட்டப்படி பிணைத்த அது, ஒவ்வொரு பகுதியின் மீதும் எவருடைய அதிகாரம் செல்லும் என்பதையும், சேதத்துக்காகக் கூட்டாளிகள் ஒருவர்மீது ஒருவர் வழக்குத் தொடராதிருப்பதையும் எழுத்தில் வகுத்தது. 2022-இல் உக்ரைன் போர் மூண்ட பின்னரும் அங்கே கூட்டுப்பணி தொடர்ந்தது.

இரு அணிகளுக்கும் இடையே சுவர் முழுமையாக எழுந்துவிடவில்லை. ஆர்ட்டெமிஸில் கையெழுத்திட்ட பிரான்சின் கருவியைச் சீனாவின் சாங்'இ-6 விண்கலம் நிலவுக்குக் கொண்டு சென்றது. தாய்லாந்து 2024-இல் இரண்டிலும் சேர்ந்தது. ஆனால் நாசா சீனாவுடன் இருதரப்பாக இணைந்து பணியாற்றுவதை 2011 முதல் அமெரிக்கச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது.

இந்தியாவின் தேர்வு சரியென்றே கருதுகிறேன். விதிகள் எழுதப்படும் இடத்தில் குரல் இருப்பது பயனுள்ளது. ஆனால் எதிரணியின் கலம் பக்கத்தில் இறங்கும்போது யார் வழிவிடுவது என்பதை ஓரணியின் உடன்படிக்கை தீர்க்காது. விண்வெளி வளங்களைப் பற்றி ஐ.நா.வின் விண்வெளிக் குழு 2021-இல் அமைத்த பணிக்குழுவில் இரு தரப்பும் அமர்கின்றன. இந்தியா தன் முயற்சியை அங்கேதான் குவிக்க வேண்டும்.