பிரேசிங் என்று சொல்லி ஈயச் சால்டர்: டூ-பீஸ் வால்வு வாங்குவோர் கவனத்துக்கு

வீட்டு லேத்தில் சிறிய நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலையும் தண்டும் தனித்தனியாகக் கடைந்து சில்வர் பிரேசிங் (வெள்ளிக் கலவைக் கம்பியை அதிக வெப்பத்தில் உருக்கி ஒட்டுவது) போட்டு இணைத்தவை, சீட் முகத்தை (வால்வு மூடும்போது படிந்து உட்காரும் சரிவை) மட்டும் 45 டிகிரிக்குக் கடைந்துகொண்டால் போதும் என்ற விளக்கத்தோடு வந்த வால்வுகளை வாங்கினேன். கடைந்து பொருத்தியதும் எஞ்சின் நன்றாகவே ஓடியது. சூடு ஏறியதும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை கழன்று சிலிண்டருக்குள் விழுந்துவிட்டது. பிஸ்டன் தலையில் குழி, சிலிண்டர் சுவரில் ஆழமான கீறல். பார்த்துப் பார்த்துச் செய்த எஞ்சின், வயிறு எரிகிறது.

கழன்ற இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது, கத்தி முனையால் சுரண்டினாலே வழித்துக்கொண்டு வந்தது. தப்பித்த இன்டேக் வால்வின் இணைப்பில் சால்டரிங் அயர்னை வைத்தேன், உருகி ஓடியது. சந்தேகமே இல்லை, சாதாரண ஈயச் சால்டர்! அது 183 டிகிரி செல்சியஸிலேயே உருக ஆரம்பிக்கும். வெள்ளி பிரேசிங் கம்பி உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும், சால்டரிங் அயர்னால் அதை அசைக்க முடியாது. இன்டேக் வால்வைப் புதுக் கலவை குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் அது பிழைத்தது. சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்த வசதி கிடையாது.

தலை 304 ஸ்டெயின்லெஸ் என்றும் சொல்லியிருந்தார்கள். கடைந்த 304 காந்தத்தை லேசாக இழுப்பதுண்டு. இதுவோ கப்பென்று ஒட்டிக்கொண்டது, அப்படியானால் அது 304 இல்லை.

விற்றவரிடம் கேட்டால், 'கலவை மெலிந்து எஞ்சின் சூடாகியிருக்கும்' என்றார். சால்டர் உருகும் படத்தை அனுப்பினேன். அப்புறம் பதிலே இல்லை, பணமும் திரும்பவில்லை.

இப்போது நானே செய்கிறேன். தலையில் துளை முழுக்க ஊடுருவ வேண்டும், தண்டைச் சுற்றி 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். ஒரு பக்கம் வைத்த பிரேசிங் கம்பி உருகி, மறுபக்கம் முழு வளையமாகத் தெரிந்தால்தான் அந்த இணைப்பை நம்புவேன். சீட் முகத்தைக் கடைவது அதற்குப் பிறகுதான், தண்டைக் கோலெட்டில் (லேத்தில் தண்டைச் சுற்றிலும் சமமாக இறுக்கிப் பிடிக்கும் குழலில்) பிடித்து. அப்போதுதான் முகம் தண்டோடு ஒரே மையத்தில் நிற்கும்.

அந்த வால்வுகள் அதே விளக்கத்தோடு இன்னும் விற்பனையில் இருக்கின்றன. இப்படி ரெடியாக வந்த வால்வு உங்கள் எஞ்சினிலும் இருந்தால், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும் முன் எக்ஸாஸ்ட் வால்வைக் கழற்றிச் சால்டரிங் அயர்ன் வைத்துப் பாருங்கள்.