கல்லுக்கு அடியில் சிங்க்: நாலு வருஷப் புழக்கம்

சமையலறையில் அண்டர்மவுண்ட் சிங்க், அதாவது மேடைக் கல்லுக்கு அடியில் ஒட்டும் சிங்க், போடலாமா என்று யாராவது கேட்டால், "உங்கள் டேபிள் டாப் (மேடையின் மேல்தளம்) என்ன?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். சிங்க்கைக் கல்லுக்குக் கீழே ஒட்டுவதால் வெட்டிய விளிம்பு வெளியே தெரியும், நாள் முழுக்க நனையும். கிரானைட், குவார்ட்ஸ், சாலிட் சர்ஃபேஸ் (பிசின் கலந்து வார்த்த பலகை) என்றால் கவலையில்லை. பலகைமேல் லாமினேட் ஒட்டிய டாப் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். தண்ணீர் ஏறிப் பலகை உப்பிவிடும். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பழைய வரிசை வீட்டில் சிமெண்டு கட்டி டைல் பதித்த மேடைதான் இருந்தது. அதை இடித்துக் குவார்ட்ஸ் போடுவது என்று முடிவான பிறகுதான் சிங்க் பேச்சே எழுந்தது. இப்போது நாலு வருஷம் தாண்டிவிட்டது.

கடையில் தவுக்கே (முதலாளி) ஒரு காந்தத்தைச் சிங்க்கில் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை, ஆகவே இது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றார். அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். மலிவான 201 ரகத்திலும் பொதுவாகக் காந்தம் ஒட்டாது. 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 201இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், அது சீக்கிரம் துருப்பிடிக்கும். ரசீதில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் அடுத்த கடை. கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும்: 16 கேஜ் ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2. நாங்கள் 1.2 எடுத்தோம், சட்டி பானை உருண்டும் நெளியவில்லை. அடியில் ரப்பர் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் குழாயைத் திறந்தாலே தகர டப்பாவில் மழை பெய்வது போலச் சத்தம் வரும்.

கூரான மூலை படத்தில் எடுப்பாக இருக்கும். புழக்கத்தில் கறிவேப்பிலையும் சோற்றுப் பருக்கையும் அங்கேதான் போய் ஒட்டும். மூலையில் கொஞ்சம் வளைவு இருப்பதே நல்லது. இரட்டைத் தொட்டி வேண்டாம் என்றேன், பெரிய குவாலி (வாணலி) அதில் படுக்காது.

சிங்க்கை முதலிலேயே வாங்கிக் கல் வெட்டுபவர் கையில் கொடுத்துவிட வேண்டும், அளவை வாயால் சொன்னால் போதாது. கல் உள்ளே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கலாம், சிங்க் விளிம்போடு சமமாக நிற்கலாம், பின்வாங்கியும் இருக்கலாம். நீட்டினால் மேலிருந்து பார்க்க நேர்த்தி, ஆனால் அதன் அடியில் சேரும் அழுக்கு கண்ணில் படாது. எங்களுடையது சமம்.

பொருத்த வந்தவர் பசை மட்டும் போதும் என்றார். 70க்கு 40 சென்டிமீட்டர் தொட்டியில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 56 லிட்டர், அதாவது 56 கிலோ. என் வீட்டுக்காரர் இந்தக் கணக்கைச் சொல்லி, கபினெட்டுக்குள் இரும்புத் தாங்கிகள் வைத்த பிறகுதான் அவரை விட்டார்.

அப்படி இருந்தும், சிங்க்குக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கை அடைக்கும் சிலிக்கானில் அந்த ஆள் கைவரிசையைக் காட்டிவிட்டார். சாதாரணச் சிலிக்கானைப் பூசியிருக்கிறார். நம் ஊர் ஈரப்பதம் தெரியாதா, வருஷம் முடிவதற்குள் சுற்றிலும் கறுப்புக் கோடு. தேய்த்தால் போகவில்லை, பூசணம் உள்ளே இறங்கிவிட்டது. பிளேடால் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காற்றாடி வைத்து நன்றாகக் காயவிட்டுப் பூசணம் பிடிக்காத நியூட்ரல் வகையைப் பூசினோம். பூசும்போது வினிகர் வாடை அடித்தால் அது அமில வகை; பளிங்குக்கு அது ஆகவே ஆகாது. புதுச் சிலிக்கான் ஒரு நாளாவது தண்ணீர் படாமல் காய வேண்டும். இரவில் கடைசிப் பாத்திரம் கழுவியதும் அந்த விளிம்பை விரலில் துணி சுற்றித் துடைத்துவிடுகிறேன், கறுப்பு மறுபடி வரவில்லை.

சுகம் எங்கே தெரியும் என்றால் தீபாவளி முறுக்கு மாவில். மேடையில் சிந்தியதை ஒரே இழுப்பில் சிங்க்குக்குள் தள்ளிவிடலாம், நடுவில் தடுக்கிற விளிம்பு கிடையாது. பழைய சிங்க்கின் விளிம்பைப் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்த கையாயிற்றே, அந்த அருமை எனக்குத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. முன்பக்கக் கல் விளிம்பில் தோசைக்கல் பட்டுச் சில்லு பெயர்ந்திருக்கிறது. விளிம்பை மழுங்க உருட்டித் தரச் சொன்னால் இது குறையும். அம்மா வெள்ளைத் துணியைப் பிளீச்சில் ஊறப்போட்டு ராத்திரி முழுக்கச் சிங்க்கிலேயே விட்டதில் அடியில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. குளோரின் 304ஐயும் அரிக்கும். இப்போது துணிக்குத் தனி வாளி.

மேலே உட்காரும் சிங்க் என்றால் பழுதானால் தூக்கிவிட்டு வேறு வைக்கலாம். இதைக் கபினெட் வழியாகக் கீழே இறக்க வேண்டும், புதியதும் அதே துளைக்குப் பொருந்த வேண்டும். அதனால் சந்தையில் அதிகம் ஓடும் அளவாகப் பார்த்து வாங்குங்கள். கல் வெட்டிய அளவுத் தாளைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், கபினெட் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.