கடினமான ஆங்கிலச் சொற்களுக்கு ஆன்கிட்ராய்டு: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

பாளையங்கோட்டைக்கு பேங்க், எஸ்எஸ்சி கோச்சிங் வருகிறவர்கள் பையில் ஆளுக்கொரு வொக்காபுலரி நோட்டு இருக்கும். பத்தாம் பக்கம் எழுதும்போது முதல் பக்கம் மறந்திருக்கும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று கார்டுகளாகப் போட்டுவைத்தால், மறக்கப்போகிற சமயம் பார்த்துத் திரும்பக் கேட்பதுதான் ஆன்கிட்ராய்டின் வேலை. ஆன்கி என்ற செயலியின் ஆண்ட்ராய்டு வடிவம் இது. செயலி இலவசம், ஐபோனுக்கான ஆன்கிக்குத்தான் காசு. நெட் இல்லாமலும் ஓடும். அம்பையில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால் நெல்லை வருவதற்குள் அன்றைய கார்டுகளை முடித்துவிடலாம், உட்கார இடம் கிடைத்தால்.

நிறுவியதும் ஒரு நாளைக்கான புதிய கார்டு எண்ணிக்கையைக் குறையுங்கள். தானாக 20 என்று இருக்கும், 10 போதும். அதற்கே சில வாரங்களில் தினசரித் திருப்புதல் 70 முதல் 100 வரை வந்துவிடும். பொங்கலுக்கு நாலு நாள் விட்டால் குவிந்து கிடக்கும். பலரும் கைகழுவுவது அங்கேதான். புதிய கார்டை 0 ஆக்கிவிட்டு, குவிந்ததை முதலில் தீர்க்க வேண்டும்.

விடை நினைவுக்கு வராவிட்டால் அழுத்த வேண்டிய பொத்தான் 'அகெய்ன்'. கௌரவம் பார்த்து 'ஹார்ட்' அழுத்தினால், தெரிந்த சொல் என்றே கணக்கு வைத்து இடைவெளியைக் கூட்டிவிடும்.

ரெடிமேடு கார்டுக் கட்டுகளைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. 'சாங்ஷன்' என்பதற்கு அனுமதி என்று மட்டும் படித்தவர், ஈரான் மீதான சாங்ஷன் என்று தலையங்கத்தில் வந்தால் திகைப்பார். அங்கே அது தடை. பேப்பரில் சொல் வந்த வாக்கியத்தையே, அந்தச் சொல்லை மட்டும் மறைத்து, முன்பக்கம் போடுங்கள். மறைக்கும்போது முதல் எழுத்தை விட்டுவையுங்கள். இல்லையேல் அதே இடத்தில் பொருந்தும் வேறு சொல் வந்து குழப்பும். பின்பக்கம் அந்த இடத்துக்குரிய பொருள், எதிர்ச்சொல். இரண்டு பொருளென்றால் இரண்டு கார்டு.

'ஃப்ளாண்ட்' பகட்டிக் காட்டுவது, 'ஃப்ளவுட்' விதியை மதிக்காமல் மீறுவது. இப்படிப்பட்ட ஜோடிகள் தனித்தனிக் கார்டில் மாறி மாறித் தவறும். ஒரு கார்டு 8 தடவை தவறினால் செயலியே அதற்கு 'லீச்' (நேரத்தை உறிஞ்சும் அட்டைப்பூச்சி) என்று அடையாளமிடும். அதை அழித்துவிட்டு, பணத்தைப் பகட்டி சட்டத்தை மீறுகிற ஓர் ஆளைப் பற்றி ஒரே வாக்கியம் எழுதி, இரண்டு சொல்லையும் அதில் மறையுங்கள்.

'இபிட்டமி'யை 'எபிடோம்' என்று படித்துப் பழகியவர்கள் நிறைய. வாசித்துக் காட்டும் வசதியை இயக்கினால் இது திருந்தும். பின்பக்கத்துக்கு மட்டும் மொழியைத் தமிழ் என்று தனியாகத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பொருளை ஆங்கிலக் குரல் கடித்துக் குதறும்.