காதல் ஒரு பக்கம், கமிட்மெண்ட் ஒரு பக்கம்: நடுவில் ஒரு மகிழ மரம்

எங்கள் வட சென்னையில் ‘கமிட்மெண்ட்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். “ரெண்டு பேரும் கமிட் ஆயிட்டாங்க” என்றால் காதல். “எனக்கு வூட்ல கமிட்மெண்ட் நிறைய கீது” என்றால் தங்கச்சி கல்யாணக் கடன், வண்டி டியூ, அப்பாவின் மருந்துச் செலவு. தண்டையார்பேட்டையில் என் தோழி நான்கு வருடம் காதலித்தவன், கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டாவதைச் சொல்லி முதலாவதைத் தள்ளிப்போட்டான். அவனுக்கு அவள்மேல் காதலே இல்லை என்று சொன்னால் அது பொய். டெங்கு வந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று ராத்திரி வராந்தாவில் தூங்காமல் உட்கார்ந்திருந்தான். ஆனால் அவள் அம்மா வரும் நேரம் பார்த்து எழுந்து போய்விடுவான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு முதலில் தெரியும் வித்தியாசம் இதுதான். காதலுக்கு இரண்டு பேர் போதும். கொடுக்கிற வாக்குக்கு, கேட்க மூன்றாவது ஆள் வேண்டும்.

இதைத் திருவொற்றியூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவாரூரில் பரவையை மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூர்க் கோயிலில் பூத்தொடுக்கும் சங்கிலியைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறார். ‘உன்னைப் பிரிய மாட்டேன்’ என்று சன்னதியில் சத்தியம் செய்யவும் சம்மதிக்கிறார். ஆனால் அந்த நேரம் மட்டும் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார். காதல் முழுசாக இருக்கிறது, சாட்சி மட்டும் வேண்டாம். சிவனோ சங்கிலியின் கனவில் வந்து, மரத்தடியில் சத்தியம் கேட்கச் சொல்லிவிடுகிறார். வேறு வழியில்லாமல் அங்கேயே வாக்குக் கொடுக்கிறார் சுந்தரர். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகிறது. சங்கிலி அவர் ஆசையைச் சந்தேகப்படவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். இருப்பாரா என்பதுதான் அவள் கேள்வி. மாசி பிரம்மோற்சவத்தில், இந்தச் சத்தியத்தை நினைவுகூரும் மகிழடி சேவை பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பெண்ணின் நிதானம்தான் கண்ணில் நிற்கும்.

சட்டமும் காதலைப் பற்றிக் கேட்பதில்லை. 1954 சிறப்புத் திருமணச் சட்டம், எல்லோரும் பார்க்க ஒட்டும் 30 நாள் நோட்டீஸும் மூன்று சாட்சிகளும் கேட்கிறது. 1967 தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தப்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதர் தேவையில்லை. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னால் போதும். ஒன்று சொல்லியாக வேண்டும்: சாதி மாறிக் காதலிப்பவர்களுக்கு அந்த 30 நாள் உயிர் பயம். அவர்கள் ஒளிவதையும் என் தோழியின் ஆள் ஒளிந்ததையும் ஒரே தராசில் வைக்கவே கூடாது.

அடுத்த வித்தியாசம் தெரிவது கையில் காசில்லாத காலத்தில். அப்பா காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள்: ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை. அந்த நாட்களில் அம்மா அப்பாவோடு சரியாகப் பேசவே மாட்டாள். ஆனால் கம்மலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போவாள். அப்பா கிடைத்த மூட்டை தூக்கும் வேலைக்குப் போய், கூலியை அப்படியே அவள் கையில் வைப்பார். போட் மறுபடி கடலுக்குப் போய்ப் பணம் வந்ததும் கம்மலும் திரும்பும், பேச்சும் திரும்பும். காதல் படுத்துக் கிடந்த நாட்களில் வீட்டை நிமிர்த்திப் பிடித்தது இன்னொன்று.

அதனால் கமிட்மெண்ட்தான் பெரிது என்று ஒரேயடியாகச் சொல்ல என்னால் முடியாது. வியாசர்பாடியில் என் பெரியம்மா, அடிக்கிற புருஷனோடு 22 வருடம் இருந்தாள். ஊரே அவள் பொறுமையைப் பாராட்டியது. நெருக்கம், வேட்கை, உறுதி என்று காதலை மூன்றாகப் பிரித்த உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க், 1986-ல் எழுதிய கட்டுரையில் உறுதி மட்டும் மிஞ்சிய உறவை வெற்றுக் காதல் என்றார். இன்னொரு உளவியலாளர் கேரில் ரஸ்பல்ட் 1980-ல் வேறு பக்கமிருந்து பார்த்தார். உறவில் கிடைக்கும் நிறைவு, அதில் போட்டுவிட்ட முதல், வெளியே வேறு வழி இருக்கிறதா என்பது, இந்த மூன்றும் சேர்ந்துதான் ஒருவரை நிற்க வைக்கிறது என்றார். பெரியம்மாவை நிற்க வைத்தது போக வேறு வீடு இல்லாததுதான். அதைக் கமிட்மெண்ட் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. கதவு திறந்திருக்கும்போது உள்ளே இருப்பதுதான் கணக்கில் வர வேண்டும்.

இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், அன்பு மெதுவாக வந்தாலும் நான்கு பேர் முன்னால் பக்கத்தில் வந்து நிற்கிறவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். தோழிக்கும் அதைத்தான் சொன்னேன்.

போன மாசியில் அவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். “ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வா. அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசு.” அடுத்த மாசம் என்றான். இன்னும் ராத்திரியில் போன் அடிக்கிறான். அவள் அவன் நம்பரை அழிக்கவில்லை. எடுப்பதும் இல்லை. மணி அடித்து முடியும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.