2,340 ராண்டுக்கு வந்து சேர்ந்த காம்பும் கறுப்பு விதையும்

எனக்குச் சீனச் சமையல் பொருள் விற்று ஏமாற்றிய வியாபாரி இன்று காலை வாட்ஸ்அப்பில் என் எண்ணை முடக்கிவிட்டார். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில் உள்ள அப்பிங்டனில் சோயா சாஸுக்கு மேல் சீனச் சமையல் பொருள் தேடுவது எத்தனை பாடு என்று இங்கு வாழும் நம்மவர்களுக்குத் தெரியும். ஜோகன்னஸ்பர்க்கின் சிரில்டீனில், சீனக் கடைகள் நிறைந்த டெரிக் அவென்யூவில் எல்லாம் கிடைக்கும். ஆனால் இங்கிருந்து சுமார் 800 கிலோமீட்டர் போக வேண்டும். ஆகவே வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பும் ஒருவரிடம் சிச்சுவான் மிளகு, தோபான்ஜியாங் என்னும் அவரை மிளகாய் விழுது, கறுப்பு அரிசி வினிகர் மூன்றுக்கும் 2,340 ராண்டை வங்கி வழியாக முன்கூட்டியே செலுத்தினேன்.

நான் ஏமாந்தது அவருடைய பேச்சில்தான். "வணக்கம் அண்ணா" என்று தொடங்கினார் (அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான் என்பது பிறகு புரிந்தது). சிச்சுவான் மிளகு மிளகே அல்ல, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மணமும் நாக்கை மரத்துப்போகச் செய்யும் குணமும் அதன் வெளித்தோட்டில்தான் உள்ளன. உள்ளிருக்கும் விதை மணல்போல் நெறுநெறுக்கும் என்பதால் அதை நீக்கியே கட்டுகிறோம் என்றார். மிளகைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பிவிட்டேன்.

பொட்டலத்தை வெள்ளைத் தட்டில் கொட்டினால் பாதிக்குமேல் அதே கறுப்பு விதைதான். மீதியில் முள்ளும் காம்பும். தேடிப் பொறுக்கிய ஒரு தோட்டை மென்றுவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தேன். நாக்கில் ஒரு மரமரப்பும் இல்லை. விழுதுப் பையின் ஸ்டிக்கரை நகத்தால் கீறியபோது, ஓராண்டுக்கு முன்பே முடிந்துபோன காலாவதித் தேதி அடியில் தெரிந்தது. வினிகர் வரவே இல்லை.

கேட்டதற்கு முதலில் கூரியர்காரரைக் கேளுங்கள் என்றார். பிறகு அப்பிங்டன் வெயிலைப் பழித்தார். அடுத்து, பார்சல் வந்து மூன்று நாள் கழித்துச் சொன்னால் எப்படி என்று என்னையே கேட்டார். நானே அனுப்பிய பணம் என்பதால் வங்கியும் கைவிரித்துவிட்டது. 2,340 ராண்ட்!

விரிவாக எழுத எண்ணியிருந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். முதல் ஆர்டரைச் சிறியதாக வையுங்கள். பையின் பின்புறத்தை வீடியோவில் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் அனுப்புங்கள். பார்சலைக் கூரியர்காரர் நிற்கும்போதே பிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு என்று நான் மூன்று நாள் மூடியே வைத்திருந்ததைத்தான் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.